ஒன்பது எண்களில் ஒரு வானம்

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிற பிள்ளையைப் பார்த்து, "அதை அணைத்துவிட்டுப் போய்க் கணக்குப் போடு" என்று ஒருமுறையாவது சொல்லாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் இருக்குமா என்பது சந்தேகமே. சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் நடப்பதும் கணக்குத்தான். பிரெஞ்சுப் புரட்சிக்கும் முன்னால், கோள்களின் ஈர்ப்பு விசையை ஆராய்வதற்காக லாப்லாஸும் லெஜாந்தரும் போட்ட கணக்கு, இரு நூற்றாண்டுகள் கழித்து, கேமில் ஓடுகிற வீரனின் சட்டைமேல் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அதன் பெயர் ஸ்ஃபெரிகல் ஹார்மோனிக்ஸ். தமிழில் வேண்டுமானால் கோளச் சீரலைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நான் படித்தது டிப்ளமோதான். உத்தியோகம் பார்த்தது ரயில் பெட்டிகளின் பராமரிப்பில். எந்த எண்ணையும் கையால் போட்டுப் பார்த்த பிறகே நம்புவது அந்த வேலையில் வந்த பழக்கம். இந்தக் கட்டுரையில் உள்ள கணக்குகளையும் அப்படியே போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம்.

ஜன்னல் ஓரத்துச் சுவர்

சுண்ணாம்பு அடித்த ஒரு சுவரைப் பாருங்கள். ஜன்னல் வழியாக வானத்து வெளிச்சம் அதன்மேல் விழுகிறது. சிவப்பு சிமெண்ட் தரையில் பட்ட வெயில் எகிறி, சுவரின் அடிப்பக்கம் இலேசாகச் சிவக்கிறது. பச்சைத் திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் அதன் சாயலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. அதாவது, சுவரின் ஒவ்வொரு புள்ளியும் தன் முன்னால் உள்ள பாதி உலகம் முழுவதிலிருந்தும் ஒளியை வாங்குகிறது.

எந்தத் திசையிலிருந்து வரும் ஒளிக்கு எவ்வளவு மதிப்பு? இதற்கு விடை சொன்னவர் யோகான் லாம்பெர்ட் என்ற விஞ்ஞானி, ஆண்டு 1760. நேராக வந்து விழும் ஒளிக்கு முழு மதிப்பு. 60 டிகிரி சாய்ந்து வந்தால் பாதி. 90 டிகிரி, அதாவது சுவரை ஒட்டியே வந்தால், பூஜ்யம். பத்தாம் வகுப்பில் படித்த கொசைன்தான் அது. ஆகவே ஒவ்வொரு திசை ஒளியையும் அதன் கொசைனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் சுவரின் வெளிச்சம் கிடைத்துவிடும்.

கேம் தயாரிப்பவர்களுக்கு இது ஏன் வேண்டும்? கதாநாயகன் மரத்தடி நிழலிலிருந்து செங்கல் சுவர் ஓரமாக நடந்து வருகிறான் என்று வையுங்கள். அவன் முகத்திலும் சட்டையிலும் அந்தச் செங்கல் சாயல் படிய வேண்டும். படியாவிட்டால், காலண்டரிலிருந்து கத்தரித்து ஒட்டிய பொம்மை போலத் தனியாகத் தெரிவான். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ பொய் என்று கண் கண்டுகொண்டுவிடும்.

கணக்கின் பாரம்

சூத்திரம் சுலபம். சிரமம், எத்தனை முறை போடுவது என்பதில் இருக்கிறது. சுற்றியுள்ள காட்சியை ஒரு கனசதுரப் பெட்டியின் ஆறு பக்கங்களிலும் ஒட்டிய படமாக வைத்துக்கொள்வது வழக்கம். பக்கத்துக்கு 64க்கு 64 புள்ளிகள் என்று சிக்கனமாக எடுத்தாலே மொத்தம் 24,576 திசைகள். ஒரு பரப்புக்குத் தெரிவது அதில் பாதி, அதாவது 12,288.

திரையிலோ 1920க்கு 1080 என்ற அளவில் 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 படம் என்றால், விநாடிக்கு ஏறக்குறைய 12.4 கோடிப் புள்ளிகளுக்கு வெளிச்சம் கணக்கிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 12,288 பெருக்கல் போட்டால் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கோடிப் பெருக்கல்கள். அதுவும் ஒரு நிறத்துக்கு மட்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றுக்கும் சேர்த்தால் மும்மடங்கு. இத்தனையும் வெளிச்சத்துக்கு மட்டுமே. ஓட்டம், மோதல், சத்தம் எல்லாம் தனி. ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசமோ ஒரு விநாடியின் 60ல் ஒரு பங்கு. பையிலே வைக்கிற ஃபோனில் இது நடக்கிற காரியமல்ல.

சக்கரத்துக்குத் தெரிவதும் பயணிக்குத் தெரிவதும்

இங்கே என் பழைய தொழிலுக்கு ஒரு நிமிடம் வாருங்கள். 13 மீட்டர் தண்டவாளங்களை ஃபிஷ்பிளேட் வைத்து இணைத்த பழைய பாதையில் வண்டி போகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் 'தடக்' என்று அடி வாங்கும். தண்டவாளத்தின் சின்னஞ்சிறு மேடுபள்ளம்கூட சக்கரத்துக்குத் தெரியும். ஆனால் ஸீட்டில் உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறவருக்கு அவ்வளவும் தெரிவதில்லை. ஆக்ஸில் பாக்ஸ் மேலே ஒரு ஸ்பிரிங் வரிசை, அதற்கும் மேலே போல்ஸ்டர் ஸ்பிரிங் என்று இரண்டு இடத்தில் வடிகட்டி, மெதுவான ஆட்டத்தை மட்டுமே மேலே விடுகிறோம். அந்த மெதுவான ஆட்டத்தைச் சொல்ல நாலைந்து எண்கள் போதும். பாதையின் ஒவ்வொரு அங்குலத்தையும் எழுதி வைக்க வேண்டியதில்லை.

பளபளப்பில்லாத எந்தப் பரப்பும் ஒளியைப் பொறுத்தவரை ஒரு ஸ்பிரிங்தான். வானத்தில் எத்தனை நுணுக்கம் இருந்தாலும், மேகத்தின் ஓரம், இலைகளின் இடுக்கு, ஜன்னல் கம்பி எதுவானாலும், சுண்ணாம்புச் சுவர் பாதி உலகத்தை மொத்தமாகக் கூட்டிக் குழைத்துவிடுகிறது. மிஞ்சுவது மெதுவான மாறுதல் மட்டுமே. அப்படியானால் அந்த மெதுவான பகுதியை மட்டும் குறித்துக்கொண்டால் போதாதா?

அந்த ஒன்பது

வீணைத் தந்தியை மீட்டினால் ஓர் அடிப்படைச் சுருதியும் அதற்கு மேல் பல துணைச் சுருதிகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. எவ்வளவு கோணல்மாணலான அதிர்வையும் இப்படிச் சீரான அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பது ஃபூரியே 1822ல் வெளியிட்ட புத்தகத்தின் சாரம். தந்திக்குப் பதில் ஒரு பந்தின் மேற்பரப்பை எடுத்துக்கொண்டால், அதற்குரிய சீரான அலைகள்தான் ஸ்ஃபெரிகல் ஹார்மோனிக்ஸ். நம்மைச் சுற்றியுள்ள எல்லாத் திசைகளும் சேர்ந்து ஒரு பந்துதானே!

இவை படிப்படியாக வருகின்றன. முதல் படியில் ஒன்றே ஒன்று: எல்லாத் திசையிலும் ஒரே வெளிச்சம். இது சராசரி. இரண்டாம் படியில் மூன்று: மேலே வெளிச்சம், கீழே இருட்டு; கிழக்கே வெளிச்சம், மேற்கே இருட்டு; வடக்கே வெளிச்சம், தெற்கே இருட்டு. மூன்றாம் படியில் ஐந்து: உச்சியும் அடியும் பிரகாசமாக இருக்க இடுப்பு மட்டும் மங்கல், கிழக்கும் மேற்கும் பிரகாசமாக இருக்க வடக்கும் தெற்கும் மங்கல், இப்படி. 1, 3, 5 என்ற இந்த வரிசையைப் பிளஸ் டூ வேதியியல் படித்த பிள்ளைகள் உடனே அடையாளம் காண்பார்கள். அணுவில் எஸ், பி, டி என்று படிக்கிற ஆர்பிட்டல்களின் எண்ணிக்கையும் இதுவே. 1926ல் ஷ்ரோடிங்கர் ஹைட்ரஜன் அணுவுக்குப் போட்ட சமன்பாட்டிலும் இதே அலைகள்தான் வந்து நின்றன.

இந்த அலைகள் ஒவ்வொன்றையும் சுவர் என்ற ஸ்பிரிங் எவ்வளவு மேலே விடுகிறது என்று கணக்கிட்டால் அழகான விடை வருகிறது. முதல் படிக்கு 1 என்று வைத்தால், இரண்டாம் படிக்கு 3ல் 2 பங்கு, மூன்றாம் படிக்கு 4ல் 1 பங்கு. நான்காம் படிக்குச் சரியாகப் பூஜ்யம். ஐந்தாம் படிக்கு 24ல் ஒரு பங்கு, அதுவும் எதிர்மறையாக. அதற்கு மேலே போகப் போக ஒன்றுமில்லை என்றே சொல்லிவிடலாம். எனவே முதல் மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். 1ம் 3ம் 5ம் சேர்த்து ஒன்பது எண்கள். மூன்று நிறங்களுக்கும் சேர்த்து 27.

வானத்துப் படத்திலிருந்து இந்த 27 எண்களை முன்கூட்டியே ஒருமுறை எடுத்து வைத்துவிடுகிறார்கள். பிறகு, பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொன்னால் போதும். நிறத்துக்கு ஒன்பது பெருக்கலில் வெளிச்சம் கிடைத்துவிடும். 12,288 எங்கே, ஒன்பது எங்கே!

கால்குலேட்டர் எடுங்கள்

சொன்னால் போதாது, சோதிக்க வேண்டும். உள்ளதிலேயே கடினமான சோதனை இது: இருட்டில் ஒரு வெள்ளைப் பந்து, நேர் உச்சியில் வெகுதூரத்தில் ஒரே ஒரு விளக்கு. விளக்கு உச்சியில் இருப்பதால் ஒன்பதில் ஆறு எண்கள் பூஜ்யமாகிவிடும், மூன்று மிஞ்சும். அவற்றைச் சேர்த்தால் சூத்திரம் இவ்வளவுதான்: 0.25, அதோடு கொசைனில் பாதி, அதோடு 32ல் 5 பங்கு பெருக்கல் (மூன்று மடங்கு கொசைன் வர்க்கம் கழித்தல் 1).

உச்சியில் (0 டிகிரி): உண்மை 1, நம் கணக்கு 1.063
60 டிகிரியில்: உண்மை 0.5, நம் கணக்கு 0.461
90 டிகிரியில்: உண்மை 0, நம் கணக்கு 0.094
120 டிகிரியில்: உண்மை 0, நம் கணக்கு கழித்தல் 0.039
நேர் அடியில் (180 டிகிரி): உண்மை 0; நம் கணக்கு 0.063

ஊசிமுனை போன்ற ஒற்றை விளக்குக்கே பிழை பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. வானம் போலப் பரந்த வெளிச்சத்துக்குப் பிழை இன்னும் சுருங்கிவிடும்.

கண்டு சொன்னவர்கள்

ஸ்ஃபெரிகல் ஹார்மோனிக்ஸ் என்ற பெயரை 1867ல் தங்கள் இயற்பியல் நூலில் வைத்தவர்கள், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனும் பீட்டர் டெய்ட்டும். சுவர் வெளிச்சத்துக்கு ஒன்பது எண்களே போதும், சராசரிப் பிழை 1 சதவீதம்தான் என்று 2001ல் கணித்துக் காட்டியவர்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த ரவி ராமமூர்த்தியும் அவருடைய பேராசிரியர் பாட் ஹன்ரஹானும். ஹன்ரஹானுக்குப் பிற்காலத்தில், 2019ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு எட் கேட்முல்லோடு சேர்த்துக் கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையின் நோபல் பரிசு என்று அதைச் சொல்வார்கள்.

அதே 2001ல், ரோனன் பாஸ்ரி, டேவிட் ஜேக்கப்ஸ் என்ற இருவர் வேறொரு வழியாக இதே ஒன்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பிரச்சினை கேம் அல்ல. ஒரே முகம் வெவ்வேறு வெளிச்சத்தில் வெவ்வேறு மாதிரி தெரியும்போது, இன்னார் என்று கம்ப்யூட்டர் எப்படி அடையாளம் காண்பது என்பது.

2002ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த பீட்டர் பைக் ஸ்லோன், தம் சகாக்களுடன் சேர்ந்து, ஒரு பொருள் தன் மேலேயே விழச் செய்கிற நிழலையும் இந்த முறைக்குள் கொண்டுவந்தார். 2003ல் ராபின் கிரீன், கேம் தயாரிப்பாளர்களின் மாநாட்டில் இதைத் தொழில் செய்பவர்களுக்குப் புரியும்படி விளக்கினார். 2007ல் வந்த ஹேலோ 3 என்ற கேமில் இந்த முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. இன்று யூனிட்டி என்ற மென்பொருளில் கேம் செய்யக் கற்கும் மாணவன், காட்சியில் ஆங்காங்கே 'லைட் ப்ரோப்' என்று புள்ளிகள் வைக்கிறானே, அவை ஒவ்வொன்றுக்குள்ளும் இருப்பவை மேற்படி 27 எண்களே. விலை குறைந்த ஃபோனிலும் ஓரளவு உண்மையான வெளிச்சத்தோடு கேம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே செல்லாது

மேலே உள்ள அட்டவணையில் 120 டிகிரிக்கு நேராக 'கழித்தல்' என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். வெளிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. இருட்டை விடக் கறுப்பு உலகத்தில் கிடையாது. மே மாதத்து நாக்பூர் வெயிலைப் போல ஒரே இடத்திலிருந்து சுள்ளென்று வரும் ஒளியை இந்த ஒன்பதுக்குள் திணித்தால், பொருளின் பின்பக்கம் விநோதமான கறுப்புத் திட்டு விழும்; வெளிச்சமே வரக்கூடாத அடிப்பக்கம் இலேசாக ஒளிரும். அதனால் சூரியனைத் தனி விளக்காக வைத்து, அதன் கூர்மையான நிழலை வேறு முறையில் போட்டுவிடுவார்கள். வானத்தின் பொது வெளிச்சத்தையும் சுவர், தரைகளிலிருந்து எகிறி வருவதையும் மட்டுமே ஒன்பதிடம் ஒப்படைப்பார்கள்.

கண்ணாடிக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் இது உதவாது. அவை ஸ்பிரிங் இல்லாத வண்டி மாதிரி. ஒவ்வொரு நுணுக்கமும் அப்படியே தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ப்ரோப், அந்தப் பக்கம் ஒரு ப்ரோப் என்று அசட்டையாக வைத்துவிட்டால், தெரு வெளிச்சம் சுவரைத் துளைத்துக்கொண்டு இருட்டறைக்குள் கசியும். எது செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்து உபயோகிப்பதுதான் என்ஜினீயரிங். சூத்திரத்தை மனப்பாடம் செய்வது அல்ல.

பூமிக்கும் அதே அலைகள்

லாப்லாஸும் லெஜாந்தரும் தொடங்கிய வேலையும் நின்றுவிடவில்லை. பூமி முழு உருண்டை அல்ல. நடுவில் சற்றுப் புடைத்தது. அதன் ஈர்ப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. செயற்கைக் கோள்களின் பாதையைச் சரியாகச் சொல்ல, அந்த ஈர்ப்பை இதே அலைகளாகப் பிரித்து எழுதுகிறார்கள். 2008ல் வந்த உலக ஈர்ப்பு மாதிரி 2,159ஆம் படி வரை போகிறது. அதற்கு 46 லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள். உலகிலேயே ஈர்ப்புப் பள்ளம் ஆழமாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே, இந்துமாக்கடலில். அங்கே கடல் மட்டமே, இருக்க வேண்டிய அளவுக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. சுவருக்கு ஒன்பது எண்கள் போதும். பூமிக்கு 46 லட்சமும் தேவைப்படுகிறது. காரியத்தைப் பொறுத்தது கணக்கு.

பத்தாவது முடித்த பிள்ளைகளுக்காக

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில், பத்தாவது முடித்த பெண் கேம் உருவாக்கும் துறைக்குத்தான் போவேன் என்றாள். நன்றாகப் படம் வரைகிறவள். படம் வரையத்தானே போகிறோம், கணக்கு எதற்கு என்று பதினொன்றாம் வகுப்பில் அதை விட்டுவிட நினைத்தாள். தகப்பனார், "விளையாட்டு ஒரு பிழைப்பா?" என்றார். மூன்று வாரம் இருவருக்கும் சரியாகப் பேச்சில்லை.

தகப்பனாரின் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊரில் நிலமும் இல்லை, இங்கே சொந்த வீடும் இல்லை; பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் சொத்து என்று வாழ்கிற குடும்பங்கள் நம்மில் பாதிக்கு மேல். கேம் கம்பெனி உத்தியோகமும் சர்க்கார் உத்தியோகம் போல அல்ல. 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் பெரிய பெரிய கம்பெனிகளே ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பின. இதைப் பெண்ணிடம் மறைக்கவும் கூடாது.

ஆனால் மேலே சொன்ன கதையை அந்தக் கண்ணோடு மறுபடியும் பாருங்கள். ஒரே கணக்கு கோளிலிருந்து அணுவுக்குப் போனது. அணுவிலிருந்து முகத்தை அடையாளம் காண்பதற்கும், கேமுக்கும், செயற்கைக் கோளுக்கும் போனது. கேமுக்கு வெளிச்சம் போடத் தெரிந்தவருக்கு சினிமாவிலும், கட்டட வரைபடத்திலும், கார் வடிவமைப்பிலும் இடம் உண்டு. ஒரு கம்பெனி மூடினால் வேலை போகும்; கற்ற கணக்கு போகாது. மென்பொருளின் பட்டனை அழுத்த மட்டும் தெரிந்தவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

இதற்கு அஸ்திவாரம் எங்கோ அமெரிக்காவில் இல்லை. பத்தாவதில் வருகிற ட்ரிகனாமெட்ரி, பன்னிரண்டாவதில் வருகிற வெக்டார், மேட்ரிக்ஸ், இன்டக்ரேஷன் ஆகியவைதான். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. படம் வரையும் கையும் வேண்டும்; செங்கல் சுவர் ஓரம் முகம் எப்படிச் சிவக்கும் என்று கவனிக்கிற கண்ணை எந்தச் சூத்திரமும் தராது. ஆகவே ஓவியமா, கணக்கா என்று கேட்பதை விட்டு, இரண்டையும் எடுக்க வழியுண்டா என்று பள்ளியில் விசாரிப்பது நல்லது. தகப்பனாரிடமும் இதையே சொன்னேன். பெண் கணக்கோடு சேர்ந்திருக்கிறாள். ஓவிய வகுப்பு சனிக்கிழமைகளில் நடக்கிறது. பிறகு என்ன ஆகும் என்பது அவள் உழைப்பு.

மேற்படி அட்டவணையைத் தாங்களே போட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் சங்க நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம். கால்குலேட்டரும், ஒரு வெள்ளைப் பந்தும், ஒரு டார்ச் விளக்கும் கொண்டுவந்தால் போதும். 30, 45, 150 டிகிரிகளுக்கு விடை என்ன வருகிறது என்று வீட்டிலேயே போட்டு எடுத்து வரவும். பெற்றோரும் கூட வரலாம். கொசைன் மறந்துபோனவர்களுக்கு முதல் வரிசையில் இடம்.